டட்சன் 240இசட்: 7 இன்ச் ரிம்மா, 8 இன்ச்சா?

1969-இல் அறிமுகமான 240இசட் ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்த ரிம் 14 இன்ச் உயரம், வெறும் 4.5 இன்ச் அகலம். எஞ்சினைத் தட்டி எழுப்பியவர்களுக்கு அது போதாது.

15×7 ரிம்மில் (15 இன்ச் உயரம், 7 இன்ச் அகலம்) 205/60 டயர் (205 மி.மீ. அகலம், பக்கச்சுவர் அதில் 60%) போட்டால் பெரும்பாலும் காரின் உடலை வெட்ட வேண்டாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் இது. திருப்பும்போது சாலை கைக்குத் தெரியும். அந்த உணர்வு இதில் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது.

16×8, 225/50 வேறு கதை. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அதை காரில் பொருத்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாவிட்டால் 7 இன்ச்சைவிட ரிம் இருபுறமும் சுமார் 13 மி.மீ. நீளும். உள்ளே ஸ்ட்ரட்டின் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூண்) ஸ்பிரிங் தட்டு இடிக்கும், வெளியே மட்கார்டு விளிம்பு உரசும். ஒல்லியான ஸ்பிரிங் கொண்ட காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் உள்ள சஸ்பென்ஷன்) வேண்டும், விளிம்பை மடக்க வேண்டும், சிலர் மட்கார்டை அகலமாக்கும் ஃபிளேரும் ஒட்டுவார்கள். வளைவில் பிடி அபாரம்தான். ஆனால் பார்க்கிங்கில் தோள் வலிக்கும்.

டயரின் மொத்த உயரம் 627, 631 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ரேஸ் டிராக்குக்கே போகிற கார் என்றால் சரி, 8 இன்ச். சாலையில் ஓட்டுவதற்கு நான் 7-ஐத்தான் எடுப்பேன். அந்த மெல்லிய பின்புற வளைவை வெட்ட எனக்கு மனசு வராது.