நிதி அமைச்சகத்திலிருந்து அரசியலுக்கு: நாடாளுமன்றமா, மாகாண ஆளுநர் பதவியா?

தென்கொரியாவில் உயர் அதிகாரி ஒருவர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால், வாக்குப்பதிவுக்கு 90 நாட்களுக்கு முன்பே பணியிலிருந்து விலக வேண்டும். அதன்பின் எந்தப் பாதையில் போவது என்பதற்கு, துணைப் பிரதமராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கிம் ஜின்-ப்யோ 2004இல் சுவோன் நகரில் வென்று நாடாளுமன்றம் சென்றார். உறுப்பினராக இருந்துகொண்டே 2005இல் கல்வித்துறைத் துணைப் பிரதமரானார், அங்கே எம்.பி. அமைச்சராகவும் இருக்கலாம். இந்தப் பாதையின் பெரிய பலமே இதுதான். அவர் சறுக்கியது 2014இல். கியோங்கி மாகாண ஆளுநர் தேர்தலுக்காக எம்.பி. பதவியைத் துறந்தார், சட்டம் அப்படி. தோற்றதும் இரண்டும் போயின. 2016இல் மீண்டும் வென்று, 2022இல் சபாநாயகரானார்.

கிம் தோங்-யோன் நாடாளுமன்றம் போகாமலே 2022இல் அதே ஆளுநர் பதவிக்கு நின்று, வெறும் 8,913 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1.3 கோடிக்கும் மேல் மக்கள் வாழும் மாகாணம் அது. வரவுசெலவுத் திட்டம் போட்டுப் பழகிய கைக்கு ஆளுநர் நாற்காலியே பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஆளுநராக இருக்க முடியாது; நாடாளுமன்றத்தில் அந்த வரம்பு இல்லை.

வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகை நாடாளுமன்றத் தொகுதிக்கு 1.5 கோடி வோன், ஆளுநருக்கு 5 கோடி. 15% வாக்கு பெற்றால் முழுதும் திரும்பும். 10%க்குக் கீழே போனால் ஒன்றும் வராது.