கப் கெடட் 100 தோட்ட டிராக்டர்: கழற்றி, பூட்டி, உழுது பார்த்த பிறகு

எஞ்சினிலிருந்து பின்பக்க கியர்பெட்டிக்குப் போகும் இரும்புத் தண்டின் கடைசியில் ஒரு துளை இருக்கிறது. அதில் ஒரு சுருள் பின்னை அடித்து இறக்கினால் தண்டும் இணைப்பும் ஒன்றாகச் சுழலும். நான் வாங்கிய வண்டியில் அந்தத் துளை கோழிமுட்டையைப் போல நீண்டு கிடந்தது. பின் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு சாதாரண போல்ட்டைச் செருகியிருந்தார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் அதுவும் நடுவில் வளைந்திருந்தது. கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி ஏன் ஆளைத் தூக்கிப் போட்டது என்று அப்போதுதான் புரிந்தது. லேத் பட்டறைக்காரர் தண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தனை பேர் பின்னை மாற்றினார்களோ தெரியாது தம்பி, துளையை ஒருவரும் பார்க்கவில்லை” என்றார். தண்டைப் புதிதாகவே கடைந்து வாங்கிக்கொண்டேன்.

இந்த வண்டியில் நான் கண்ட கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். வண்டியோடு பிறந்த குறைகள் கொஞ்சம். பிறகு வந்தவர்கள் அவசரத்துக்குச் செய்துவைத்த ஒட்டுவேலைகள் ஏராளம். அந்த ஒட்டுவேலைகளில் சில என்னுடையவை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961 மாடலாகக் கொண்டுவந்த முதல் கப் கெடட் 7 குதிரைத்திறன் கொண்டது. எஞ்சினின் விசை பெல்ட் வழியாகப் பின்னால் போகும். 1963-இல் வந்த 70, 100 ஆகிய இரு மாடல்களில் பெல்ட்டை எடுத்துவிட்டு நேரடித் தண்டு வைத்தார்கள். மேலே சொன்ன தண்டு அதுதான். கியர்பெட்டியின் வம்சம் பெரியது. ஃபார்மால் கப் என்ற உண்மையான வயல் டிராக்டரின் வழிவந்தது. அதனால்தான் இத்தனை காலத்துக்குப் பிறகும் பின்பக்கத்தைத் திறந்தபோது பற்கள் ஒழுங்காக இருந்தன. பழைய எண்ணெயை வடித்தேன், சீல்களை மாற்றினேன், மூடிவிட்டேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை என்பதே அதற்கு நான் தரும் பாராட்டு.

எஞ்சின் கோலர் கே 241. ஒற்றை சிலிண்டர், 391 சிசி, 10 குதிரைத்திறன், முழுக்க வார்ப்பிரும்பு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பழைய அமைப்பு. தலைப்பகுதியைக் கழற்றினால் பிஸ்டனும் இரண்டு வால்வுகளும் மேசையில் வைத்த மூன்று காசுகளைப் போலக் கண்ணெதிரே தெரியும். கரியைச் சுரண்டி, வால்வுகளை உரசல் பசை போட்டுத் தேய்த்து உட்கார வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். என் சிலிண்டரில் தேய்மானம் இருந்ததால் 10 தவு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போட்டேன். இணைப்புத் தண்டு அலுமினியம். தனி பேரிங் எதுவும் இல்லாமல் நேராக கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மீதே ஓடுகிறது. எண்ணெய் அளவைப் பார்க்காமல் ஓட்டுகிறவர்களை இந்த எஞ்சின் ஒரு முறைதான் மன்னிக்கும்.

பாயின்ட், அதாவது திறக்கும் கணத்தில் பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்; அதைச் சரிசெய்வது எனக்குப் பிடித்த வேலை. பிளாக்கின் பக்கவாட்டில் சின்ன மூடிக்குள் அது இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலிருந்து வரும் ஒரு குச்சி அதைத் தள்ளித் திறக்கும். இடைவெளி 20 தவு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆனால் அளவுத் தகட்டோடு நிறுத்திவிடக் கூடாது. எஞ்சினோடு சுழலும் கனத்த ஃப்ளைவீல் சக்கரத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து பொறித்திருக்கும். ஒரு சின்ன பல்பைப் பாயின்ட்டோடு இணைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். அந்த எழுத்து பார்வைத் துளைக்கு வரும் கணத்தில் பாயின்ட் திறந்து பல்பு அணைய வேண்டும். அது சரியாக அமைந்த அன்று எஞ்சின் சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

கார்புரேட்டர் விஷயத்தில்தான் ஏமாந்தேன். பழைய கார்ட்டர் கார்புரேட்டரில், உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தண்டு ஆடியது. தண்டு ஆடினால் அந்தச் சந்து வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது மூச்சு வாங்குவதைப் போல ஏறும், இறங்கும். சோம்பலில், அச்சு அசலாகப் பொருந்தும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு புதிய மாற்றுக் கார்புரேட்டரை வாங்கினேன். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பழையதில் மேலே இருக்கும் எரிபொருள் திருகு இதில் இல்லை, ஜெட் (எரிபொருள் வரும் சிறு துளை) மாற்ற முடியாத அளவு. சுமை ஏறியதும் எஞ்சின் திணறியது, சரிசெய்யத் திருப்புவதற்கு எதுவும் இல்லை. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் குப்பைப் பெட்டியிலிருந்து பழையதை எடுத்தேன். திராட்டில் தண்டு ஓடும் துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி, பித்தளை புஷ் இறுக்கி, புதிய தண்டு போட்டோம். திருகை முழுக்க மூடி இரண்டு சுற்றுத் திறந்து கிளப்பி, பிறகு சுமையோடு ஓட்டியபடி கால் கால் சுற்றாகத் தேடினால் சரியான இடம் காதுக்குத் தெரிந்துவிடும். புதியதற்குக் கொடுத்த பணம் என் சோம்பலுக்கான அபராதம்.

மின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளை. பெல்ட் வழியாக எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும். கிளம்பிய பிறகு அதே பெல்ட் அதைச் சுழற்ற, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். பல்சக்கரம் மோதும் கரகரப்பு இல்லாமல், பூனை எழுந்திருப்பதைப் போல எஞ்சின் எழும். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினால், கிளப்புவதற்கு முன் அதன் பேட்டரி முனையிலிருந்து ஆர்மேச்சர் முனைக்கு ஒரு கம்பியை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் துருவம் தலைகீழாகிவிடும் ஆபத்து உண்டு. நான் அதையெல்லாம் பொறுப்பாகச் செய்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நாள் கம்பிகளைத் துழாவிய பிறகுதான் உறைத்தது: அந்த உருளையின் பிடிமானத் தகட்டின் இரு பக்கமும் மூன்று பூச்சு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறேன். எர்த் எங்கிருந்து கிடைக்கும்? போல்ட்டின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டதும் உயிர் வந்தது.

துரு எடுக்க நான் நம்புவது மின்பகுப்புத் தொட்டியை. நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, ஒரு பேட்டரி சார்ஜர், பலிகொடுக்க ஒரு பழைய இரும்புத் தகடு. சார்ஜரின் நேர்முனை தகட்டுக்கு, எதிர்முனை துருப்பிடித்த பாகத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகம்தான் பலியாகும். தகடாக எவர்சில்வரைப் போடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியப் பாகத்தை உள்ளே விடக் கூடாது, கரைந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வருவதால் தொட்டி திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஊறிய நெம்புகோலைக் காலையில் எடுத்துத் தேய்த்தபோது, துருவுக்கு அடியில் வார்ப்பு எண்கள் எழுந்து வந்தன.

இனி என் ஒட்டுவேலைகள். மூன்று மாற்றங்கள் செய்தேன்; இன்று வண்டியில் மிச்சமிருப்பது எல்இடி விளக்கு ஒன்றுதான். அகலமான பின்டயர்களைப் போட்டேன், உழும்போது சாலுக்குள் அடங்கவில்லை, கழற்றினேன். பெரிய தப்பு மூன்றாவது. கருவிகளை ஏற்றி இறக்கும் கைநெம்புக்குப் பதிலாக 12 வோல்ட் மின் தூக்கி பொருத்தினேன். பொத்தானை அழுத்தினால் கலப்பை எழும். வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். மண் கைதட்டவில்லை. மின் தூக்கி நிறுத்திய இடத்தில் விறைத்து நிற்கும். முன்பக்கத்து மண்தள்ளும் பலகை மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்காமல் மேட்டைச் சீவிக்கொண்டு போனது. கலப்பை கல்லில் மோதும்போது உடனே தூக்க வேண்டும். இதுவோ நிதானமாக நான்கைந்து விநாடி எடுத்துக்கொண்டது. நெம்பு திரும்பி வந்தது. கலப்பை அடியில் எதைத் தொடுகிறது என்பதை அது உள்ளங்கைக்குச் சொல்கிறது.

கலப்பை பிரின்லி நிறுவனத்தின் 10 அங்குல இறக்கைக் கலப்பை. இதை மாட்டி உழாதவர்கள் இந்த வண்டியைப் பாதிதான் அறிவார்கள். முதல் நாள் மண் இறக்கையில் அப்பிக்கொண்டு புரளவே மறுத்தது. காரணம், அழகுக்காக இறக்கைக்கும் நான் பெயின்ட் அடித்திருந்தேன். கண்ணாடியாகும் வரை தேய்த்த பிறகுதான் மண் வழுக்கிப் புரண்டது. இன்னொன்று: உழும்போது வலது சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓடும், வண்டி சாய்ந்தே நிற்கும். ஆகவே கலப்பையைச் சமதரையில் வைத்து மட்டம் பார்ப்பதில் பயனில்லை. உழப்போகும் ஆழத்துக்கு ஒரு கட்டையை இடது சக்கரங்களுக்கு அடியில் வைத்து, வண்டியைச் சாய்த்து நிறுத்தி, அந்த நிலையில் கலப்பையை நிமிர்த்த வேண்டும். ‘அகல உழுவதை ஆழ உழு’ என்ற பழமொழியை 10 குதிரையிடம் அதிகம் வற்புறுத்தக் கூடாது. ஐந்தாறு அங்குலம் நிம்மதியாகப் போகிறது, அதற்குமேல் பின்சக்கரம் வழுக்குகிறது. பின்சக்கரங்களில் இரும்பு எடைகளை மாட்டிக்கொண்டால் பிடிப்பு கூடும்.

பழைய ஆட்கள் எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றிவைப்பார்கள். என் வண்டியின் ஒரு ரிம்மில் வால்வைச் சுற்றி அது தின்றுவிட்டிருந்தது. விரல் வைத்தால் உதிர்ந்தது. வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டின் பளபளப்பை விட்டுவிட்டு முதலில் அங்கே பாருங்கள். அடுத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கொஞ்சம் என்றால் பெட்டியில் இருக்கும் நட்டால் இறுக்கிக்கொள்ளலாம். இருக்கை மோசம், அதற்கு மருந்து இல்லை, மெத்தைதான்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரை மதிப்பெண் இருக்கைக்காகக் குறைத்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே குனிந்து, அந்தத் தண்டின் இணைப்பை ஒரு முறை கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.