காட்டுக் கோதுமை: விதை வங்கியிலா, பிறந்த மலைச்சரிவிலா?

பழங்காலக் கோதுமை வகையான எம்மரின் காட்டு மூதாதையை 1906-இல் இன்றைய வட இஸ்ரேலில், கலிலேயாவின் ரோஷ் பின்னாவில் தாவரவியலாளர் ஆரோன் ஆரோன்சோன் கண்டறிந்தார். கோதுமையைத் தாக்கும் மஞ்சள் துரு என்ற பூஞ்சை நோயைத் தாங்கும் ஒய்ஆர்15 மரபணு நமக்குக் கிடைத்தது இந்தப் புல்லிடமிருந்துதான். அதை எங்கே காப்பது?

விதை வங்கியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் விதை பல பத்தாண்டுகள் உறங்கும்; ஆய்வாளர் கேட்டால் உறையில் போட்டு அனுப்பலாம். சிரியாவின் அலெப்போ அருகிலிருந்த, வறண்ட நில வேளாண் ஆய்வு மையமான இகார்டாவின் வங்கி போரில் சிக்கியபோது, நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில் வைத்த நகல் விதைகள் 2015-இல் கைகொடுத்தன. ஆனால், உறங்கும் விதை புதிய நோயையோ வறட்சியையோ சந்திப்பதில்லை.

சரிவில் கதையே வேறு. கலிலேயாவின் அம்மியாத்தில் 1984 முதல் ஆய்வாளர்கள் ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பக் கதிர் சேகரித்து வருகிறார்கள். பாறையிடுக்கில் ஒரு மரபணு வகை, வடக்குச் சரிவில் வேறொன்று, பள்ளத்தில் இன்னொன்று. சில மீட்டர் நகர்ந்தாலே ஆள் மாறிவிடுகிறது! தலைமுறைகள் கடந்தும் அவை பெரும்பாலும் அந்தந்தச் சிற்றிடத்தை விட்டு நகரவில்லை. பெரிதும் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர் என்பதும், விதை தாய்ச்செடியின் அருகிலேயே உதிர்வதும் இதற்குத் துணை. எந்த மண்ணுக்கு எந்த மரபணு என்ற இந்தப் பொருத்தத்தைக் குளிர்பெட்டியில் அடைக்க முடியாது.

கட்டுமானமும் மிகை மேய்ச்சலும் சரிவை அழிக்கக்கூடும். ஆகவே வங்கி வேண்டும், காப்பீடாக. ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால், என் ஓட்டு சரிவுக்கே.