சென்னிமலை படி ஏறி உச்சி வரைக்கும் போனோம், பஸ், தண்ணி, சாப்பாடு எல்லாம் எப்படின்னு சொல்றேன்

சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்தப்போ நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு நாள் முழுக்க ஈரோட்டுக்கு பக்கத்துல இருக்கற சென்னிமலை முருகன் கோயிலுக்குன்னு ஒதுக்கிட்டோம். கார்ல மேல வரைக்கும் போயி சாமி கும்பிட்டுட்டு உடனே எறங்கற கணக்கு இல்ல, அடிவாரத்துல இருந்து 1,320 படியும் ஏறி, கோயிலுக்கு பின்னாடி இருக்கற உச்சி வரைக்கும் நடந்தே போகணும்னு. வெளியூர்ல இருந்து வர்றவங்க நெறைய பேரு வசதி இருக்காது, தண்ணி இருக்காதுன்னு பயந்துட்டு கார்லயே போயிடறாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

காசு குடுத்து பண்ணுன ஏற்பாடுதான் எங்களுக்கு சரிப்படல. ஒரு டிராவல்ஸ்ல கார் பேசி அட்வான்ஸும் குடுத்தாச்சு, மொத நாள் ராத்திரி போன் பண்ணி டிரைவர் பேட்டா தனி, வெயிட்டிங் தனி, மலைக்கு ஏறுனா அதுக்கு தனின்னு ஒவ்வொண்ணா சேத்தறாங்க. நாங்க நடந்துதாங்க ஏறப்போறோம்னு சொன்னா, ஃபாரின்ல இருந்து வந்துட்டு இதுக்கெல்லாம் கணக்கு பாக்கறீங்களேன்னு ஒரு பேச்சு. அந்த வார்த்தைக்காகவே வேண்டாம்னுட்டோம். எங்க அத்தைதான் "ஈரோட்டுல இருந்து வெள்ளோடு வழியா டவுன் பஸ் போகுது கண்ணு, உனக்கு டிக்கெட்டு காசு கூட வேண்டாம்"னாங்க. 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம்னு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா ஏறுனது இதுதான் மொத தடவை. கண்டக்டர் தம்பி எந்த ஊரு, என்ன கார்டுன்னு ஒரு வார்த்தை கேக்கல, டிக்கெட்ட கிழிச்சு கையில குடுத்துட்டு போயிட்டாரு. பக்கத்துல கூலி வேலைக்கு போற அக்காங்க நாலஞ்சு பேரு, தூக்குப்போசிய மடில வச்சுட்டு, மாசம் பஸ்சுக்கு போற காசு இப்ப கையில நிக்குதுன்னு பேசிட்டு வந்தாங்க. வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் இந்த வழிதான், 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு, நேரம் இருந்தா அங்கயும் எறங்குங்க.

படிக்கட்ட பத்தி சொல்லணும். வெயில் ஏறறதுக்குள்ள ஆரம்பிச்சிடுங்க. நடுவுல நடுவுல மண்டபம் இருக்கு, நெழல் இருக்கு, உக்காந்து உக்காந்து போலாம். மோர் வித்துட்டு இருந்த ஒரு பாட்டி என்னைய பாத்துட்டு "ஏன் சாமி, மூச்சு வாங்குதா? செத்த உக்காந்துட்டு போ, முருகன் எங்கயும் போயிட மாட்டான்"னாங்க. மோருக்கு போன்லயே காசு போட்டோம். சிங்கப்பூர் நம்பர வச்சே என்ஆர்ஓ அக்கவுண்ட்ல (வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க வச்சுக்கற பேங்க் அக்கவுண்ட்) யூபிஐ எடுத்திருக்கோம், 2023ல சிங்கப்பூர் உள்பட 10 நாட்டு நம்பருக்கு அனுமதி குடுத்தாங்க, எல்லா பேங்க்லயும் வராது, கெளம்பறதுக்கு முன்னாடியே உங்க பேங்க்ல கேட்டுக்கோங்க. ஆனாலும் சில்லறை கொஞ்சம் கையில இருக்கட்டும்.

பாதி வழில ஒதுங்குங்க ஒதுங்குங்கன்னு சத்தம் கேட்டுச்சு. அபிஷேகத்துக்கு தீர்த்தம் சுமந்துட்டு காளை ஏறி வருது. தினமும் அடிவாரத்துல இருந்து படி வழியாத்தான் காளை மேல தண்ணி போகுது இங்க. ஒவ்வொரு படியிலயும் குளம்பு பதிச்சு, நின்னு, மறுபடியும் ஒரு மூச்சு எடுத்து ஏறுது, கிட்டக்க வந்தப்ப அந்த மூச்சோட சூடு என் கையில பட்டுச்சு. 1984 பிப்ரவரி 12 அன்னிக்கு ரெட்டை மாட்டு வண்டியே இந்த படியில ஏறி மேல போச்சுங்கறத இந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் பெருமையா சொல்றாங்க, அந்த காளை ஏறுறத பாத்தப்புறம் எனக்கும் அது எவ்வளவு பெரிய காரியம்னு புரிஞ்சுச்சு.

மேல சாமி கும்பிட்டுட்டு பெரும்பாலானவங்க அப்படியே திரும்பிடறாங்க, நீங்க திரும்பாதீங்க. பின்னாடி இன்னும் படி போகுது, வள்ளி தெய்வானை சன்னதி தனியா அங்கதான் இருக்கு, அதுக்கும் மேல பின்நாக்குச் சித்தர் குகை. கூட்டம் கெடையாது, காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. கீழ ஊரு, சுத்தியும் காடு தோட்டம், தறி ஓடற சந்துங்க எல்லாம் தெரியுது. சிங்கப்பூர்லயே ஒசந்த மலைன்னா புக்கிட் தீமா, 163 மீட்டர், அங்க நாங்க அடிக்கடி போறதுதான், போர்டு, டாய்லெட்டு எல்லாம் நேர்த்தியா இருக்கும், ஆனா பேர் தெரியாத ஒருத்தர் கூப்பிட்டு உக்கார வச்சு மோர் குடுத்ததில்ல. குரங்கு நெறைய, கையில பை தொங்க விடாதீங்க, பழம் தேங்காய் எல்லாம் உள்ள வச்சுடுங்க.

மதியம் கோயில் அன்னதானத்துல சாப்பிட்டோம். கோயில்கள்ல இந்த திட்டம் 2002ல ஆரம்பிச்சது. சூடா சாதம், சாம்பார், ரசம், மோர், பரிமாறுன அண்ணன் "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, ஏறி வந்தது பசிக்கும்"னு சொல்லி சொல்லி போட்டாரு. முட்டி வலிக்குதுன்னு வீட்டுக்காரர் சொன்னதால எறங்கறதுக்கு கோயில் பஸ்ல வந்துட்டோம், வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க ஏறும்போதே அதுல அனுப்பிட்டு மேல சேந்துக்கலாம்.

எறங்குனதும் போர்வை எடுக்காம வராதீங்க. திருப்பூர் குமரன் 1904ல பொறந்த ஊரு இது, நெசவுதான் இங்க சோறு போடறது. கூட்டுறவு சொசைட்டி கடைல கைத்தறியா விசைத்தறியான்னு கேட்டா ஒளிக்காம சொல்றாங்க, வெலையும் துணியிலயே ஒட்டியிருக்கு, பேரம் கெடையாது. கைத்தறிதான்னு கேட்டு வாங்குங்க, வெயிட்டு ஜாஸ்தி, ஃப்ளைட் லக்கேஜ்ல மூணு நாலு கிலோவ இதுக்குன்னு விட்டு வைங்க. எங்க அத்தைக்கு ஒண்ணு, எங்களுக்கு ரெண்டு எடுத்துட்டு அதே டவுன் பஸ்லயே ஈரோட்டுக்கு வந்துட்டோம்.