டிவியா, ஃபோனா, வாசல்ல வந்து நிக்கிற ஆளா: ஓட்ட எது மாத்துது?

தேர்தல் நெருங்கினாலே இந்த வாக்குவாதம் கிளம்பிடும், ஒருத்தர் "டிவிதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது"ம்பார், இன்னொருத்தர் "இப்ப டிவி யார் பாக்குறா, எல்லாமே வாட்ஸ்அப்தான்"ம்பார். எனக்கு என்ன தோணுதுன்னா, மீடியா ஓட்டு போடுறவங்க மனச மாத்துறத விட கட்சிக்காரங்க நடந்துக்கிற விதத்தத்தான் அதிகமா மாத்துது. அத மனசுல வச்சு டிவி, ஃபோன், ஓட்டு கேட்டு வாசலுக்கு வர்ற ஆள் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம்.

டிவிய எடுத்துக்கோங்க. 1960 செப்டம்பர்ல அமெரிக்க அதிபர் தேர்தல்ல நின்ன கென்னடியும் நிக்சனும் டிவில நேருக்கு நேர் விவாதம் பண்ணத கிட்டத்தட்ட 7 கோடி பேர் பாத்தாங்க. நிக்சன் கொஞ்ச நாள் முன்னாடிதான் முழங்கால் பிரச்சனையால ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்தவர், முகமெல்லாம் வெளிறிக் கிடந்துச்சு, கென்னடி பளிச்சுனு இருந்தார். ரேடியோல கேட்டவங்க நிக்சன்தான் ஜெயிச்சார்னு நினைச்சாங்கன்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு, ஆனா அதுக்கு இருக்குற ஆதாரம் ரொம்ப பலவீனம், தயவுசெஞ்சு அத வச்சு வாதாடாதீங்க. பெருசா கவனிக்க வேண்டியது அதுக்கப்புறம் நடந்ததுதான். அடுத்த 16 வருஷத்துக்கு அந்த மாதிரி அதிபர் விவாதமே நடக்கல, 1968லயும் 1972லயும் நிக்சன் வரவே மாட்டேன்னுட்டார், 1976லதான் மறுபடி ஆரம்பிச்சுது. அன்னிக்கு எத்தனை ஓட்டு மாறுச்சுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா வேட்பாளர்களுக்கு கேமரா மேல ஒரு பயம் வந்துடுச்சு.

இன்னொரு கணக்கு இருக்கு, எனக்கு ரொம்ப வருத்தமான கணக்கு. அமெரிக்க டிவி நியூஸ்ல வேட்பாளர் பேசுறத வெட்டாம காட்டுன நேரம் 1968ல சராசரியா 43 செகண்ட், அதுவே 1988ல 9 செகண்ட். 9 செகண்ட்ல வரிக் கொள்கைய விளக்க முடியுமா, எதிராளிய ஒரு அடி அடிக்கத்தான் முடியும், அதனால கட்சிகளும் பேச்ச அதுக்கேத்த மாதிரியே எழுதிக் குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் நாமளே "இவங்களுக்கு கொள்கையே இல்ல"ன்னு திட்டுறோம்.

ஆனா டிவியும் பேப்பரும் நம்ம மூளைய பிடிச்சு திருப்பிடும்னு நினைக்காதீங்க. 1968ல மெக்கோம்ப்ஸ், ஷான்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவுல சேப்பல் ஹில்ங்கிற ஊர்ல, யாருக்கு போடுறதுன்னு முடிவு பண்ணாத 100 பேர்கிட்ட பேசிப் பாத்தாங்க. எது முக்கியமான பிரச்சனைன்னு அவங்க சொன்னதும், மீடியா எதுக்கு அதிக இடம் குடுத்துச்சுங்கறதும் அச்சு அசலா ஒத்துப்போச்சு. அதாவது எந்தப் பக்கம் நிக்கணும்ங்கறது நம்மகிட்டதான் இருக்கு, எதப் பத்தி பேசிட்டு இருக்கணும்ங்கறது அவங்க கைல இருக்கு. கட்சிகளுக்கு இது நல்லாவே தெரியும், அதான் தனக்கு சாதகமான பிரச்சனைய தினமும் தலைப்புச் செய்தியில வச்சிருக்க அவ்வளவு பாடுபடுறாங்க.

பேப்பர் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், 1995ல பிரிட்டன்ல லேபர் கட்சித் தலைவரா இருந்த டோனி பிளேர், பத்திரிகை முதலாளி மர்டாக்கோட கம்பெனி கூட்டத்துல பேச ஆஸ்திரேலியாவுல ஒரு தீவு வரைக்கும் போனார், 1997ல மர்டாக்கோட சன் பத்திரிகை அவரோட லேபர் கட்சிய ஆதரிச்சுது. அதனால எத்தனை ஓட்டு வந்துச்சுன்னு இன்னிக்கும் சண்டை போடுறாங்க, தலைவர் அவ்வளவு தூரம் போனதுல மட்டும் சண்டையே இல்ல.

இப்ப ஃபோன். ஃபேஸ்புக் ஆளுங்க தகவல எடுத்து தேர்தல் பிரச்சாரத்துக்கு வேலை செஞ்ச கம்பெனி கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா, 2018ல அந்த விவகாரம் வெடிச்சப்போ 8.7 கோடி பேர் வரைக்கும் தகவல் போயிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே ஒத்துக்கிச்சு. ஆனா அதனால ஓட்டு மாறுச்சுன்னு இதுவரை நிரூபணம் ஆகல. ஃபோனோட நிஜமான பலம் வேற எடத்துல இருக்கு. 2010 அமெரிக்க தேர்தல் அன்னிக்கு ஃபேஸ்புக் 6.1 கோடி பேர வச்சு ஒரு சோதனை பண்ணுச்சு, வெறும் "போய் ஓட்டு போடுங்க"ங்கற மெசேஜ் ஒண்ணும் பண்ணல, ஓட்டு போட்ட நண்பர்களோட படத்த சேத்துக் காட்டுனப்போதான் வேலை செஞ்சுது, மொத்தத்துல சுமார் 3.4 லட்சம் ஓட்டு கூடுச்சுன்னு ஆய்வு சொல்லுது. தெரிஞ்ச முகம்னா நம்புறோம், அவ்வளவுதான் விஷயம். அதனாலதான் கட்சிகள் ஐடி விங் வச்சு குடும்ப குரூப்புக்குள்ள நுழையப் பாக்குது, சித்தப்பா அனுப்புனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்லையா.

வாசல்ல வர்ற ஆள் கதை இன்னும் எளிமை. 1998ல அமெரிக்காவுல நியூ ஹேவன்ங்கற ஊர்ல நடந்த சோதனையில, யார்கிட்ட நேர்ல போய் பேசுனாங்களோ அவங்க மத்தியில வாக்குப்பதிவு 9 சதவீதப் புள்ளி அளவுக்கு ஏறுச்சு, ஃபோன் பண்ணிக் கூப்பிட்டது பலிக்கல. ஆனா இதுவும் ஆள சாவடிக்கு கூட்டிட்டு வரும், மனச மாத்தாது. 2018ல கல்லா, ப்ரூக்மேன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 49 கள சோதனைகள சேத்துப் பாத்தப்போ, பொதுத் தேர்தல்ல பிரச்சாரத்தால கட்சி மாத்தி போட வைக்கிற சக்தி சராசரியா பூஜ்யத்துக்கு பக்கத்துலதான் நின்னுச்சு.

என் முடிவு இதுதான், ஆள வெளிய கொண்டுவர நேர்ல போறத அடிச்சுக்க எதுவும் இல்ல, பேச்ச தீர்மானிக்கிறது டிவி. நான் பயப்படுறது ஃபோனுக்குத்தான், ஏன்னா டிவில ஒரு பொய் சொன்னா எதிர்க்கட்சியும் அதே பொய்யப் பாக்கும், மறுநாள் பதில் சொல்லும், ஃபோன்ல உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு வந்தா யார் யாருக்கு பதில் சொல்றது? ஃபார்வர்ட ஒரு தடவைக்கு 5 சாட்டுக்குன்னு வாட்ஸ்அப் 2019ல உலகம் பூரா குறைச்சுது, ஏற்கனவே ரொம்ப சுத்துனத 2020ல ஒரே ஒரு சாட்டுக்குன்னு ஆக்குச்சு, அது நல்ல காரியம். ஃபேஸ்புக் அரசியல் விளம்பரங்கள 2018லிருந்து எல்லாரும் தேடிப் பாக்குற மாதிரி சேத்து வைக்குது, அதுவும் நல்லதுதான். ஆனா குடும்ப குரூப்புல ராத்திரி வந்து விழுற மெசேஜுக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கயும் கிடையாது.