"இங்கேயே பொரித்த குட்டி" என்று விற்ற காட்டுப் பாம்பு: போலன் பைத்தன் தேடுகிறவர்கள் கவனம்

யேர்மனியில் போலன் பைத்தன் என்ற மலைப்பாம்பில் ஒரு சோடி தேடுகிற நம்மவர்கள் யாராவது இருந்தால், காசு அனுப்ப முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். "1.1, டி.என்.செட், நன்றாகச் சாப்பிடும்", அதாவது ஒரு ஆண் ஒரு பெண், யேர்மனியிலேயே பொரித்தவை, என்று விளம்பரம் போட்டு ஒருவர் எனக்கு இரண்டு பாம்பு விற்றார். ஒன்று ஆண், ஒன்று பெண் என்று எழுதித் தந்தார். இரண்டும் ஆண். இரண்டும் இந்த நாட்டில் பொரித்தவையும் இல்லை. அதில் ஒன்றுக்கு மருந்தே இல்லாத வைரஸ். போன காசு பல ஆயிரம் யூரோ.

இந்தப் பாம்பில் ஏன் இவ்வளவு ஏமாற்று என்று கேட்டால், கிடைக்காத சாமான் என்பதால்தான். நியூகினித் தீவின் மலைநாட்டில், பெரும்பாலும் ஆயிரம் மீற்றருக்கு மேலே வாழும் இனம். 1953இல் ப்ரோங்கெர்ஸ்மா என்ற ஒல்லாந்து விலங்கியலாளர் இதை விவரித்து, போலன் என்ற டொக்டரின் பெயரை வைத்தார். வளர்ந்த பாம்பு கறுப்பு. வெளிச்சம் பட்டால் மயில்கழுத்து நீலம் ஓடும், வயிற்றுப் பக்கம் வெண்மஞ்சள் பட்டைகள். குட்டி அப்படி இருக்காது. செங்கல் நிறத்தில் பிறந்து, கறுப்பாக மாற வருடங்கள் எடுக்கும். குளிர்மலைப் பிராணி என்பதால் மற்ற பைத்தன் மாதிரி சூட்டில் போட்டு வைத்தாலும் தாங்காது. கூண்டுக்குள் இணையவிட்டு முட்டை எடுத்து, குட்டி பார்த்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவராக வரவேண்டும் என்ற ஆசைதான் எங்களை இழுக்கிறது. விற்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஹம் நகரம் என்றால் எங்கட சனத்துக்குக் காமாட்சி அம்பாள் கோயில். பாம்பு வளர்க்கிறவர்களுக்கு அதே ஊர், வருடத்தில் நாலு தடவை கூடும் ஊர்வனச் சந்தை. அங்கே போனவர்களுக்குப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் எழுத்துகள் பழக்கம்: டபிள்யூ.எஃப் காட்டில் பிடித்தது, எஃப்.செட் பண்ணையில் பிறந்தது, என்.செட் வளர்ப்பில் பொரித்தது, டி.என்.செட் யேர்மனியிலேயே பொரித்தது. கடைசி எழுத்துக்குத்தான் விலை ஏறும். அந்த எழுத்தை ஒட்டுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எனக்கு விற்றவர் சந்தைக்காரர் இல்லை, இணைய விளம்பரக்காரர். பெருந்தெரு ஓய்விடமொன்றில் ஸ்டைரோபோம் பெட்டியோடு வந்து தந்தார். ஒப்பந்தத்தில் "டி.என்.செட்", பொரித்த வருடம், "1.1" மூன்றும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. பாம்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் பூர்வீகச் சான்று மட்டும் "தபாலில் வரும்" என்றார். பைத்தன் குடும்பம் முழுக்க சைட்டிஸ் (காட்டு உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் அந்தத் தாள் இல்லாமல் இங்கே இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிய முடியாது. அது அவருக்குத் தெரியாத விஷயமா? கேட்டுக் கேட்டுத்தான் தாள் வந்தது. பார்த்தால் இந்தோனேசியாவிலிருந்து வந்த பழைய இறக்குமதி ஒன்றின் இலக்கம், மூல எழுத்து "எஃப்". அதாவது அங்கே பண்ணையில் பிறந்தது என்று கணக்கு. ஒப்பந்தத்தில் எழுதிய பொரித்த வருடத்துக்கு முதலே அந்த இறக்குமதி முடிந்துவிட்டது! பதிவு அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இதே பாம்புதானா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

பாம்புகளே பதில் சொல்லின. இரண்டு வயதுகூட ஆகவில்லை என்று சொன்ன பிராணியில் செங்கல் நிறம் ஒரு பொட்டும் இல்லை, முழுக் கறுப்பு. "நல்லாகச் சாப்பிட்டதால கெதியாகக் கறுத்திட்டுது" என்பது தொலைபேசியில் அவர் சொன்ன விளக்கம். பெரியதின் முதுகில் பழைய கடிக்காயம் ஆறி, செதில் கோணலாக முளைத்திருந்தது. தாடைக்குக் கீழே செதில் விளிம்பைக் கிளப்பினால் உள்ளே ஒரு உண்ணி, பொட்டு அளவில், சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடக்கிறது. மலத்தில் உருண்டைப்புழு முட்டை. உறைந்த எலி கொடுத்து வீட்டுக்குள்ளேயே வளர்த்த குட்டிக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்?

மிருக வைத்தியர் மெல்லிய கம்பி விட்டு ஆணா பெண்ணா என்று பார்த்தார். பெண் என்றால் வாலடியில் கம்பி சில செதில் தூரத்திலேயே நிற்கும். இரண்டிலும் அது ஆழமாகப் போனது. பிறகு பெரியது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடத் தொடங்கியது, பக்கத்தில் காது கொடுத்தால் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம், வாய்க்குள் நூல் நூலாகச் சளி. தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து பி.சி.ஆர். செய்ததில் நிடோவைரஸ். பைத்தன்களில் இந்த வைரஸை 2014இல்தான் முதலில் விவரித்தார்கள். கொல்லும் மருந்து இன்றைக்கும் கிடையாது. புதிதாக வருகிற எதையும் தனி அறையில், தனிச் சாமான்களோடு வைப்பது என் வழக்கம். அதனால் என்னுடைய கார்ப்பெட் பைத்தன்கள் தப்பின.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு அவர் தந்த பதில் ஒரே வரி: "தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை." மாதாமாதம் பாம்பு விற்கிறவர் எப்படித் தனியார் என்று தெரியவில்லை. சட்டத்தரணி சொன்னது வேறு. குறையை வேண்டுமென்று மறைத்து விற்றால் சிவில் சட்டம் 444ஆம் பிரிவின்படி அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஆனால் மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கினவர். ஒப்பந்தத்தில் அவர் கையால் எழுதிய பொரித்த வருடம் இல்லாவிட்டால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. விளம்பரத்தில் உள்ளதை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வாருங்கள்.

பண்ணைத் தாளையும் பெரிதாக நம்ப வேண்டாம். ஜெசிக்கா லயன்ஸ், டேனியல் நட்டுஷ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2009 முதல் 2011 வரை இந்தோனேசியாவில் மலுக்கு, மேற்கு பப்புவா, பப்புவா மாகாணங்களில் பச்சை மரப் பைத்தன் வியாபாரத்தைப் பின்தொடர்ந்தார்கள். பண்ணைப் பிறப்பு என்று ஏற்றுமதியாகிறவற்றில் குறைந்தது 80 வீதம் காட்டில் பிடித்தவை என்று கணக்கிட்டார்கள். அது வேறு இனம்தான். ஆனால் அதைவிடக் கூண்டில் பெருக்கக் கடினமான, அதைவிட விலையான ஒரு பாம்பைப் பண்ணைகள் ஒழுங்காகப் பொரிக்க வைக்கின்றன என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இப்படி ஏமாற்றுவதைப் பிடிக்க அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழிகளில் ஒன்று, பொரித்ததற்குச் சாட்சியாக முட்டைக்கோதைக் காட்டச் சொல்வது. டோர்ட்முண்ட் பக்கம் பச்சை மரப் பைத்தன் பொரிக்க வைக்கிற அண்ணை ஒருவர் இதைத் தன் பாணியில் சொல்வார்: "தம்பி, உண்மையாப் பொரிக்க வைச்சவன் வாயை மூடமாட்டான். தாய் முட்டையைச் சுத்திக் கிடக்கிற படம், இன்குபேட்டர் படம், கோது படம் எல்லாம் கேக்க முதலே அனுப்புவான். ஒரு படம் கேட்டதுக்கு ஒருத்தன் கோவிச்சான் எண்டால் அவனிட்டை முட்டை இல்லை." தாய் தகப்பனின் பதிவுத் தாளும், அண்மைய வைரஸ் பரிசோதனை முடிவும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். ஆணா பெண்ணா என்று பார்ப்பதை உங்கள் மிருக வைத்தியர் செய்யட்டும், விற்கிறவர் சொல் வேண்டாம்.

பெயரை இங்கே போட முடியாது, விஷயம் சட்டத்தரணி கையில் இருக்கிறது. ஆனால் விளம்பரம் இன்னும் ஓடுகிறது, இப்போது "0.1" என்று ஒரு பெண் பாம்பு. படத்தில் பச்சைத் துவாய், அதற்கு மேல் சுருண்ட பாம்பு, இடது மூலையில் வெள்ளை வாளியின் கைபிடி. எனக்குக் காட்டியதும் இதே படம். இந்தப் படத்தைப் பார்த்து ஏற்கெனவே வாங்கியிருந்தால் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், தொண்டைப் பரிசோதனையைச் செய்யுங்கள், உங்கள் தாளில் உள்ள இறக்குமதி இலக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒரே இலக்கம் எத்தனை பாம்புக்குப் போயிருக்கிறது என்று அலுவலகத்திலும் கேட்கிறார்கள்.