ஆறு ஆண்டுகளாக ஒரு ஏர் ரைஃபிள்: சத்தத்தைக் குறைக்கப் போய்க் கற்றுக்கொண்டவை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் என் பங்குக்கு வந்தது இரண்டாங்கட்டின், அதாவது இரண்டாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியின், ஒரு பக்கமும் அதை ஒட்டிய இரண்டு அறைகளும். 2019-இல் அந்தப் பக்கத்தின் நீளத்தை டேப் பிடித்து அளந்தேன். பதினொன்றரை மீட்டர் வந்தது. வாசல் ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலுமாக வீடு கட்டிய முன்னோர்களை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

அதற்கு முன் நான்கு ஆண்டுகள் என்னிடம் இருந்தது சுருள்வில் வைத்த சாதாரணத் துப்பாக்கி. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்ந்து முட்டும். பெல்லட் என்னும் சிறிய ஈயக் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி துள்ளிவிடும். குறி தவறினால் பிழை கையிலா கருவியிலா என்று பிரித்தறிய வழியே இல்லை. இந்தப் போட்டியில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. கடுகு அதைவிடப் பெரியது. சந்தேகத்தோடு பழகிக்கொண்டிருப்பது வீண் என்று அழுத்தக் காற்றில் இயங்கும் போட்டித் துப்பாக்கிக்கு மாறினேன்.

ஃபைன்வெர்க்பாவ் 800, வால்தர் எல்ஜி 400, அன்ஷுட்ஸ் 9015 ஆகிய மூன்றும் ஜெர்மன் தயாரிப்புகள். மூன்றையும் மதுரையில் பயிற்சியாளரான ஒரு நண்பர் தயவால் ஒரே நாளில் தோளில் வைத்துப் பார்த்தேன். துல்லியத்தில் இவற்றுக்குள் என்னைப் போன்றவர் உணரக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே குழலைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு சோதனை செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோய், கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறப்பது. பின்பக்கக் குறித்துளை தானாகவே கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். கழுத்தை நீட்டியோ வளைத்தோ அதைத் தேடிப் போனால் அந்த அமைப்பு நமக்கானது இல்லை. நான் ஐந்தடி நான்கு அங்குலம். அன்று எனக்கு நேராக நின்றது ஃபைன்வெர்க்பாவ். இன்னொருவருக்கு வால்தர் நிற்கும். அவர் அதைத்தான் வாங்க வேண்டும். மூன்று லட்சத்துக்கு மேல் செலவழிக்கும்போது யாரோ சொன்ன பெயரை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வாங்கிய இரண்டாம் வாரம் முகப்புப் பக்கத்து அறைகளில் இருக்கும் பெரியாத்தா வந்து, “யாரப்பா மத்தியான நேரத்தில் ஓயாமல் ஆணி அடிப்பது?” என்று கேட்டார். எண்பது வயதுக்காரரின் பகல் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனே என்று மனம் உறுத்தியது. அந்த நேரத்தில்தான் வெளியூர் வியாபாரி ஒருவர், குழல் முனையில் திருகி மாட்டும் சத்தம் குறைப்பான் ஒன்றை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். உடனே மறுத்துவிட்டேன். நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் ஓசையைக் குறைப்பதற்கான துணைக்கருவியையும் ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்ற வசதியை நாமே போய்க் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

தவிர, அது தேவையும் இல்லை. வெளிநாடுகளில் கார்பைன் எனப்படும் குட்டைக் குழல் ரைஃபிள்களுக்குச் சத்தம் குறைப்பான் மாட்டுகிறார்கள் என்றால், அங்கே குழல் முனையில் வெடிமருந்தின் வாயு பெரும் அழுத்தத்தோடு வெளியேறுகிறது. அப்படி மாட்டினாலும், ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசை அப்படியேதான் இருக்கும். என்னுடையதில் அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியின் வேகத்தில் அது பாதி. முனையில் எழுவது குடையைத் திறப்பது போன்ற ஒரு சின்னச் சத்தம்.

அப்படியானால் பெரியாத்தாவை எழுப்பியது எது? அண்ணன் மகளைச் சுடச் சொல்லிவிட்டு நான் முகப்பில் போய் உட்கார்ந்து கேட்டேன். குழல் முனையின் ஓசை அங்கே எட்டவே இல்லை. பெல்லட், குறிக்குப் பின்னால் அதைப் பிடிக்க வைத்த இரும்புப் பெட்டியின் தகட்டில் மோதும் ‘டங்’ மட்டும், பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரிலும் ஆத்தங்குடிக் கல் தரையிலும் பட்டு, வீடு முழுக்கச் சுற்றி வந்தது. மருந்து வேறு இடத்துக்குத் தேவைப்பட்டது! பலாக்கட்டைப் பலகையில் ஒரு பெட்டி செய்து, பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கிழித்து நெருக்கித் திணித்து, இரும்புத் தகட்டுக்கு முன்னால் வைத்தேன். இப்போது கேட்பது தலையணையைத் தட்டும் சத்தம். ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டுத் துணியில் பொந்து விழும் என்பதால் வாரம் ஒரு முறை கலைத்துத் திணிக்க வேண்டும். பின்னால் இருக்கும் தகட்டை ஒருபோதும் எடுக்கக் கூடாது. கொல்லைப் பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் நான் துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரைக் கூடத் தொடுவதில்லை.

துணியை உதறும்போது ஈயத்தூள் வரும். 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பா என்றால் கால் கிலோவுக்கு மேல் ஈயம். குழந்தைகள் தவழும் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் காற்றில் ஏறும். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வெளிச்சம் எனக்கு இன்னொரு பாடம். காலை எட்டு மணிக்கு நடுவில் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் பத்தரை மணிக்கு ஒரு பக்கமாக ஒதுங்கும். முதலாண்டு முழுவதும் என் தோளைத்தான் குற்றம் சொன்னேன். முற்றத்து வெயில் பக்கவாட்டில் ஏறும்போது குறிவளையத்தின் ஒரு விளிம்பு பளிச்சிட்டுக் கண் ஏமாறுகிறது. முற்றத்துப் பக்கம் தென்னந்தட்டி கட்டி, குறிப்பலகைக்குத் தனி விளக்குப் போட்ட பிறகுதான் அது நின்றது.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் காற்று மெல்லக் கசியத் தொடங்கியது. இரவு 180 பார் அழுத்தம் காட்டிய அளவி காலையில் 120-இல் நின்றது. கைப் பம்பு ஈரக்காற்றை உள்ளே தள்ளியதும், ரப்பர் வளையம் தேய்ந்ததும் காரணம். விற்றவர் ஒரு ரூபாய் பெறாத அந்த வளையத்துக்கு என்னை நான்கு மாதம் காக்க வைத்தார். மாவட்டப் போட்டி ஒன்றைத் தவறவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. வாங்கும் நாளிலேயே உதிரி வளையங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இப்போது திருச்சியில், தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் சுவாசக் காற்று சிலிண்டர்களை நிரப்பும் பட்டறையில் ஒரு பெரிய சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வருகிறேன். காற்று உலர்ந்திருக்கிறது, கசிவு திரும்பவில்லை. அருகிலேயே கிடைக்கிறதே என்று மருத்துவ ஆக்சிஜனை நிரப்ப யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உயரழுத்த ஆக்சிஜன் மசகெண்ணெயில் பட்டால் தீப்பற்றி வெடிக்கும்.

அண்ணன் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. இதே துப்பாக்கியில்தான் பழகுகிறாள். தோள்தட்டின் நீளம், கன்னத்தட்டின் உயரம் ஆகிய எண்களை இருவருக்கும் தனித்தனியாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம். மாற்ற ஐந்து நிமிடம் போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதே பத்து மீட்டர் போட்டியில் நின்றவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் காலை ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறாள். போன வாரம் சிலிண்டரைத் துடைக்கும்போது, “சித்தப்பா, இதில் 2018 என்று பொறித்திருக்கிறதே, அது என்ன?” என்று கேட்டாள். தயாரித்த ஆண்டு, பத்து ஆண்டுகள்தான் கணக்கு, அதன் பிறகு போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள் என்றேன். 2028 என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள். பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பொறிப்பைத்தான்.